கேரள கஞ்சாவும் மீரிகம வேலியும்: ஒரே செடிக்கு இரண்டு நீதி

வடக்கின் செய்திகளை நாள்தோறும் படிப்பவர்களுக்கு ஒரு சொற்றொடர் மனப்பாடமாகியிருக்கும்: 'கேரள கஞ்சாவுடன் இளைஞர் கைது'. மாதகல், பருத்தித்துறை, வெற்றிலைக்கேணி, மன்னார், பேசாலை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். கிலோகிராம் கணக்கு மாறும். கடற்படை, பொலிஸ், விசேட அதிரடிப்படை என்று கைது செய்தவர்கள் மாறுவார்கள். மற்றதெல்லாம் ஒன்றுதான். பல வருடங்களாக இந்தச் செய்திகளைப் படித்தும் எழுதியும் வந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பிடிபட்டவரின் வயதும் ஊரும் செய்தியில் இருக்கும். பொதியை அனுப்பியவரும், அதற்குப் பணம் போட்டவரும் இருக்கமாட்டார்கள்.

2025 ஆகஸ்டில் இதே செடி பற்றி வேறொரு செய்தி வந்தது. ஏற்றுமதிக்காகக் கஞ்சா செய்கை பண்ண வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 7 பேருக்கு முதலீட்டுச் சபையின் கீழ் அனுமதி வழங்கப்பட்டது. இடம் மீரிகம. பரப்பு 64 ஏக்கர். ஒவ்வொரு முதலீட்டாளரும் குறைந்தது 50 இலட்சம் அமெரிக்க டொலர் முதலிட வேண்டும், அத்துடன் 20 இலட்சம் டொலரை மத்திய வங்கியில் வைப்பிட வேண்டும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. உள்ளூர்ச் சந்தைக்கு ஓர் இலைகூட வெளியே வராது என்றும் உறுதி கூறப்பட்டது.

இரண்டு செய்தியிலும் தாவரவியல்படி செடி ஒன்றுதான். வடக்கில் அது ஓர் இளைஞனை விளக்கமறியலுக்கு அனுப்புகிறது. மீரிகமவில் அது 'அந்நியச் செலாவணி' என்று அழைக்கப்படுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு முதலில் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'கேரள கஞ்சா' என்றால் என்ன?

கஞ்சாச் செடிக்கு 'கன்னபிஸ் சற்றைவா' என்ற பெயரை 1753இல் வைத்தவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 1785இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த செடிகளை வேறு இனமாகக் கருதி 'இண்டிக்கா' என்று பிரித்தார். இன்றைய சந்தையில் உயரமாக, மெல்லிய இலைகளுடன் வளர்வதைச் சற்றைவா என்றும், குட்டையாக, அகன்ற இலைகளுடன் வளர்வதை இண்டிக்கா என்றும் சொல்கிறார்கள். ஒன்று சுறுசுறுப்பைத் தரும், மற்றது உறக்கத்தைத் தரும் என்பது வியாபாரிகளின் பேச்சு. மரபணு ஆய்வுகள் இந்தப் பெயர்ப்பலகைகளைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. செடியின் குணத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள வேதிப்பொருட்களின் அளவு. போதை தரும் பொருள் ரி.எச்.சி. 1964இல் இஸ்ரேலில் ரபாயேல் மெக்கூலமும் யெகியேல் கயோனியும் அதைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை விளக்கினார்கள். போதை தராத சி.பி.டி. என்ற பொருளும் உண்டு. வலிப்பு நோயின் சில அரிய வகைகளுக்கு அது இன்று மருந்தாகப் பயன்படுகிறது.

கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பெண்செடியின் பூங்கொத்தைச் சுற்றியுள்ள நுண்ணிய பிசின் சுரப்பிகளில்தான் ரி.எச்.சி. செறிந்திருக்கிறது. மகரந்தம் சேர்ந்து விதை பிடித்துவிட்டால் செடியின் சக்தி விதைக்குப் போய்விடும். அதனால் ஆண்செடிகளை முன்கூட்டியே களைந்துவிடுவது பழைய வழக்கம். 1893-94இல் பிரித்தானிய இந்தியாவில் அமைக்கப்பட்ட சணல் போதைப்பொருள் ஆணைக்குழு, வங்காளத்தில் இந்தக் களையெடுப்புக்கென்றே தேர்ந்த ஆட்கள் கூலிக்கு அழைக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது.

கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதியில் பரம்பரையாக வளர்ந்த வகை, சற்றைவா என்று சொல்லப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆளுயரத்தைத் தாண்டி வளரும். இலை விரல்கள் மெலிந்து நீண்டிருக்கும். கணுக்களுக்கிடையே இடைவெளி அதிகம். பூத்து முதிர நீண்ட காலம் எடுக்கும். காய்ந்தபின் வரும் பொன்னிறத்தால் 'இடுக்கி கோல்ட்' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 2013இல் அந்தப் பெயரில் மலையாளத் திரைப்படமே வந்தது.

இந்தச் செடி ஏன் இப்படி வளர்கிறது என்பதற்கு விடை அகலாங்கில் இருக்கிறது. கஞ்சா, பகல் நேரம் குறையும்போது பூக்கும் பயிர். ஐரோப்பாவில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகலின் நீளம் பல மணித்தியாலங்கள் மாறும். அங்குள்ள வகைகள் அந்த மாற்றத்தைக் கணக்கு வைத்து விரைவாகப் பூத்து முடிக்கும். இடுக்கியிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவாக மட்டுமே இருக்கும். இந்த வெயிலுக்குப் பழகிய செடி அவசரப்படாமல் மாதக்கணக்கில் பூக்கிறது. ஐரோப்பிய நார்ச்சணல் வகைகளை வெப்பவலயத்தில் நட்டால் அவை வளராமலே பூத்துவிடும். இந்த விடயம் மீரிகம பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

பெயர் கேரளம், விளைவது வேறு மலையில்

வடக்கில் பிடிபடும் பொதிகள் எல்லாவற்றுக்கும் 'கேரள கஞ்சா' என்றுதான் பெயர். ஆனால் இடுக்கியின் காடுகளில் கேரளத்தின் மதுவரி, வனத்துறை அதிகாரிகள் தோட்டங்களைத் தொடர்ந்து அழித்தபின், செய்கை வடக்கு நோக்கி நகர்ந்துவிட்டது. இன்று தென்னிந்தியக் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைகிறது. ஆந்திராவின் இன்றைய அல்லூரி சீதாராம ராஜு மாவட்டமும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மாவட்டங்களும் அதில் முக்கியமானவை. 'ஷீலாவதி' என்ற வகைப்பெயர் அந்த மலையிலிருந்து வரும் பொலிஸ் செய்திகளில் அடிக்கடி அடிபடும். கேரளம் என்பது இப்போது பெரும்பாலும் ஒரு வியாபாரப் பெயர். உள்ளூர்க் கஞ்சாவைவிடத் தரம் கூடியது என்று விலையை உயர்த்த உதவும் முத்திரை.

அந்த மலைகளில் செய்கை பண்ணுபவர்கள் யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் ஆதிவாசி விவசாயிகள். அந்தப் பகுதி பல தசாப்தங்களாக மாவோயிஸ்டுகளுக்கும் அரச படைகளுக்கும் இடையிலான மோதல் நிலமாக இருந்தது. பல கிராமங்களுக்கு நல்ல வீதி கிடையாது. மஞ்சளோ மிளகோ விளைவித்தால் சந்தைக்குச் சுமந்து போகவேண்டும். கஞ்சாவுக்கு வெளியூர் வியாபாரி முன்பணத்துடன் வாசலுக்கே வருகிறான். விற்பனை விலையில் விவசாயிக்குப் போவது மிகச் சிறிய பங்கு. 2021 கடைசியில் ஆந்திரப் பொலிஸார் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் நடவடிக்கை தொடங்கி 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டங்களை அழித்ததாக அறிவித்தார்கள். 2022 பெப்ரவரியில் 2 இலட்சம் கிலோகிராம் கஞ்சாவை ஒரே நாளில் தீயிட்டார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோகிராமுக்கு மேல் இருந்தால் வணிக அளவு. தண்டனை 10 முதல் 20 வருடம். மலையிலிருந்து மூட்டை தூக்கி இறங்கும் கூலியாளுக்கும் அதே அளவுகோல்தான்.

கடலின் இந்தப் பக்கம்

கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை 60 கிலோமீற்றருக்குள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்தக் கடல் எப்போதும் வியாபாரக் கடலாகவே இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தை. இன்றைய கேரளத்தின் தென்பகுதி அது. அன்று நாங்கள் அனுப்பிய இலைக்கு 'யாழ்ப்பாணம்' என்ற பெயர் மதிப்பைத் தந்தது. இன்று எங்கள் கரைக்கு வரும் இலைக்குக் 'கேரளம்' என்ற பெயர் விலையைத் தருகிறது.

கடத்தலைத் தள்ளுவது விலை வித்தியாசம். 2020இல் அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மன்னாரிலும் புத்தளத்திலும் மஞ்சள் மூட்டைகள் கரையொதுங்கத் தொடங்கின. பீடி இலையும் அப்படித்தான் வருகிறது. எந்தப் பொருளுக்கு இங்கே தடையும் அங்கே மலிவும் இருக்கிறதோ, அந்தப் பொருள் படகேறும். மஞ்சள் மூட்டை கொண்டுவந்தவனைச் சமூகம் பெரிய குற்றவாளியாகப் பார்க்கவில்லை. கஞ்சாப் பொதி வேறு. ஆனால் படகும் கடலும் ஆளும் பல வேளைகளில் ஒன்றே.

படகோட்டுபவன் ஏன் அந்த வேலைக்குப் போகிறான் என்ற கேள்வியைக் கைதுச் செய்திகள் கேட்பதில்லை. போர் முடிந்து வலை எடுத்துக் கடலுக்குப் போனவனுக்கு இந்திய இழுவைமடிப் படகுகள் எதிரே வந்தன. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் படகுகள் அதன்பின்னும் நிற்கவில்லை. 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைத்தபோது விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஓரிரவில் நடுக்கடலில் பொதி மாற்றினால் மாதச் சம்பாத்தியம் என்று ஒருவன் ஆசை காட்டும்போது, கடன்பட்ட குடும்பத்தின் இளைஞன் இழுபடுகிறான். இதை நியாயப்படுத்த எழுதவில்லை. ஆனால் ஆந்திர மலையின் ஆதிவாசி விவசாயியும் எங்கள் கரையின் கடற்றொழிலாளியும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளில் நிற்கிறார்கள். இரண்டும் மோதல் நடந்த நிலங்கள். இரண்டிலும் அரசு சீருடையுடன் வந்த அளவுக்கு வீதியோடும் தொழிலோடும் வரவில்லை. நடுவில் நின்று கயிற்றை இழுப்பவன் எந்தச் செய்தியிலும் இல்லை.

இன்னொரு கேள்வியையும் எங்கள் மக்கள் 2009க்குப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறார்கள். இவ்வளவு படைமுகாம்கள், கடற்படைத் தளங்கள், சோதனைச் சாவடிகள், புலனாய்வாளர்கள் உள்ள மாகாணத்துக்குள் பொதிகள் எப்படி வருகின்றன? ஒரு நினைவேந்தலுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அன்றிரவே அறியும் ஓர் அமைப்புக்கு, யார் பணம் போட்டுப் பொதி இறக்குகிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருப்பதை மக்கள் நம்ப மறுக்கிறார்கள். இந்தச் சந்தேகத்துக்கு அரசு இதுவரை நேர்மையான பதில் தரவில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் நாடு முழுவதும் பெருந்தொகையானோர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதன் முறைகளைக் கண்டித்தார்கள். 2025 ஒக்டோபர் இறுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 'முழு நாடுமே ஒன்றாக' என்ற தேசிய வேலைத்திட்டத்தைத் தொடங்கினார். நோக்கம் நல்லது. அது கரையில் பொதி தூக்குபவனோடு நின்றுவிடுமா, பணம் போட்டவனிடம் போகுமா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

மீரிகமவின் கணக்கு

ஏற்றுமதிக் கஞ்சா என்ற யோசனை திடீரென்று பிறந்ததல்ல. 2017இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, ஆயுர்வேத மருந்துகளுக்காக இங்கிரியவில் 100 ஏக்கரில் கஞ்சா செய்கை தொடங்கப்போவதாகச் சொன்னார். 2022 நவம்பரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த வரவுசெலவுத்திட்டத்தில், ஏற்றுமதிக்கான கஞ்சா செய்கையை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே இதற்காகப் பாராளுமன்றத்தில் தொடர்ந்து குரல் கொடுத்தார். டொலர் இல்லாமல் நாடு திண்டாடிய காலத்தில் அந்தப் பேச்சுக்குக் காது கிடைத்தது. ஆட்சி மாறியபின்னும் திட்டம் நிற்கவில்லை.

உலகச் சூழலும் மாறியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தில் மிக ஆபத்தான பொருட்களுக்கான நான்காம் அட்டவணையில் கஞ்சா இருந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு அதை அந்த அட்டவணையிலிருந்து நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மருத்துவப் பயன்பாட்டை அங்கீகரிக்கும் வாக்கு அது. கஞ்சா இன்றும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கிறது.

மீரிகமவின் பொருளாதாரக் கணக்கில் எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. முதலாவது செடியைப் பற்றியது. மருந்துத் தரமான பூவுக்குப் பெரிய எதிரி ஈரப்பதன். பூங்கொத்து நெருக்கமாக முதிரும் வேளையில் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடித்து உள்ளிருந்தே அழுகும். மீரிகம மழை கூடிய கம்பஹா மாவட்டத்தில் இருக்கிறது. திறந்த நிலத்தில் தரமான பூ எடுப்பது அங்கே கடினம். மூடிய கூடாரமும் ஈரப்பதனை உறிஞ்சும் இயந்திரங்களும் வேண்டும். வெளிநாட்டு வகைகளைக் கொண்டுவந்தால் பகலை நீட்டச் செயற்கை ஒளி வேண்டும். மின்கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும் நாட்டில் இது சிறு விடயம் அல்ல.

இரண்டாவது சந்தையைப் பற்றியது. கனடா 2018 ஒக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதும் நிறுவனங்கள் போட்டிபோட்டு விளைவித்தன. விற்க முடியாமல் பெருந்தொகை அழிக்கப்பட்டது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு திரும்பவும் கட்டுப்படுத்தியது. பிந்தி வருகிறவர்களுக்காக டொலர் காத்திருக்கும் சந்தை இதுவல்ல.

யாருக்கு அனுமதி, யாருக்குச் சிறை?

ஆபிரிக்காவின் லெசோதோ நாட்டு அனுபவம் எங்களுக்கு நேரடியான பாடம். அந்த மலைநாட்டின் ஏழை விவசாயிகள் பல தலைமுறைகளாகக் கஞ்சா விளைவித்துத் தென்னாபிரிக்காவுக்கு இரகசியமாக விற்று வாழ்ந்தார்கள். 2017இல் ஆபிரிக்காவிலேயே முதல் நாடாக லெசோதோ மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியது. கட்டணமோ கிராமத்து மனிதன் நினைத்தும் பார்க்கமுடியாத தொகை. வெளிநாட்டு மூலதனம் கூடாரங்கள் அமைத்தது. பழைய விவசாயி பழையபடி சட்டவிரோதியாகவே நின்றான். ஜமேக்கா 2015இல் சட்டத்தைத் திருத்தியபோது சற்று வேறு வழி எடுத்தது. 2 அவுன்ஸ் வரை வைத்திருப்பது சிறு தண்டப்பணத்துடன் முடியும் விடயமானது. ரஸ்தபாரி சமயத்தவரின் வழிபாட்டு உரிமை ஏற்கப்பட்டது. சிறு விவசாயிகளைச் சட்டபூர்வத் தொழிலுக்குள் கொண்டுவரத் தனித்திட்டம் அமைக்கப்பட்டது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் பழைய சட்டத்தால் அடிபட்டவர்களுக்குப் புதிய சட்டத்தில் இடம் வேண்டும் என்ற கொள்கையாவது ஏட்டில் இருந்தது.

இலங்கை எடுத்திருப்பது லெசோதோவின் வழி. 50 இலட்சம் டொலர் என்ற வாசலில் அம்பாறையின் சேனை விவசாயியும் நுழையமுடியாது, மொனராகலையின் சேனை விவசாயியும் நுழையமுடியாது, வன்னி விவசாயியும் நுழையமுடியாது. தெற்கிலும் கிழக்கிலும் காடுகளுக்குள் கஞ்சா செய்கை பண்ணிப் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களின் ஏழைகள். ஆகவே இதைத் தமிழருக்கு எதிரான திட்டம் என்று நான் சொல்லவரவில்லை. ஏழைக்கு ஒரு சட்டம், மூலதனத்துக்கு ஒரு சட்டம் என்ற பழைய வழக்கத்தின் புதிய வடிவம் இது. போரால் அடிபட்ட மாகாணங்களில் அந்த வழக்கம் இன்னும் ஆழமாக வெட்டும்.

காணியைப் பற்றியும் ஒன்றைச் சொல்லவேண்டும். நீண்ட வெயில்காலம், குறைந்த ஈரப்பதன், மழையை எதிர்பாராத கிணற்றுப் பாசனம் என்பவையே இந்தச் செடிக்கு ஏற்றவை. உலர்வலயத்தில் அவை உண்டு. இன்று வன்னியில் அப்படியொரு திட்டம் இல்லை. ஆனால் மீரிகம இலாபம் காட்டி, செய்கையை விரிவாக்கும் பேச்சு வந்தால், பார்வை எந்தத் திசைக்குத் திரும்பும் என்பதை ஊகிக்க விவசாயப் பட்டம் தேவையில்லை. இராணுவமும் திணைக்களங்களும் பிடித்துவைத்திருக்கும் காணிகள் உரியவர்களுக்குத் திரும்பமுன், 'பயன்படாத நிலம்' என்ற பெயரில் முதலீட்டாளருக்கு அவை போய்விடக்கூடாது. இதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

சித்த மருத்துவருக்குக் கிடைப்பது

இந்தச் செடிக்கு எங்கள் மருத்துவத்திலும் இடம் இருக்கிறது. சித்தர் மரபில் அதைக் கோரக்கர் மூலி என்பார்கள். சுத்தி செய்து, அளவறிந்து, மற்றச் சரக்குகளோடு சேர்த்து இலேகியமாகவும் சூரணமாகவும் கொடுப்பது முறை. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி ஆகியவற்றையும் தனக்குள் அடக்குகிறது; பதிவு பெற்ற வைத்தியர் மருந்து செய்ய இதைப் பெறுவதற்கும் வழி வைத்திருக்கிறது.

நடைமுறை வேறு. ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு நீண்டகாலமாக வந்துசேர்ந்தது நீதிமன்றங்களில் வழக்கு முடிந்த கைப்பற்றப்பட்ட கஞ்சா. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதற்குள் ரி.எச்.சி. சிதைந்து வேறு பொருளாக மாறிவிடும். எந்த மலையில் விளைந்தது, என்ன மருந்து தெளிக்கப்பட்டது, எத்தனை நாள் கடல்நீரில் நனைந்தது என்று எதுவும் தெரியாத சரக்கு அது. 2017இல் இங்கிரியத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணமே இதுதான். இன்று மீரிகமவில் சுத்தமான, அளவறிந்த பூ விளைந்து வெளிநாட்டு நோயாளிக்குப் போகப்போகிறது. உள்ளூர் நோயாளிக்கு அதில் பங்கில்லை. கைதடியிலும் திருகோணமலையிலும் பல்கலைக்கழக மட்டத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கும் நாட்டில், அந்த மருத்துவர்களின் தேவைக்கென்று கட்டுப்பாட்டுடன் சில ஏக்கர் ஒதுக்குவது பெரிய காரியமா? அரசுக்குப் போதைப்பொருள் பற்றிய பயம் உண்மையென்றால், முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது இதைத்தான்.

எங்கள் பிள்ளைகளும் 'புனர்வாழ்வு' என்ற சொல்லும்

சட்டம் அநீதியானது என்பதால் பொருள் பாதிப்பில்லாதது என்று ஆகிவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கஞ்சாவைப் பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்குபவர்களிடம் அந்த வீதம் இன்னும் கூட. வளரும் மூளையில் நினைவையும் கவனத்தையும் அது பாதிக்கிறது. மனச்சிதைவு நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது. எங்கள் பாடசாலைகளின் அருகே 'மாவா பாக்கு' என்ற பெயரில் விற்கப்படும் கலவையில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அதிலிருந்து ஐஸுக்கும் ஹெரோயினுக்கும் போனவர்களையும் ஊர் கண்டிருக்கிறது.

போர் கண்ட சமூகத்தில் இந்த ஆபத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் கூட்டு வடு என்று எழுதியது, தனிமனிதரின் காயத்தைத் தாண்டி ஊரும் உறவும் நம்பிக்கையும் உடைந்துபோவதை. உறக்கமில்லாத தகப்பன், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய், அவர்களின் மௌனத்துக்குள் வளர்ந்த பிள்ளை. கஞ்சா மனதை ஆற்றும் என்று சிலர் சொல்வதுண்டு. போர் வடுவுக்கு அது மருந்து என்று சொல்லப் போதுமான மருத்துவச் சான்று இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவையானது கேட்பதற்கு ஒரு காது, நம்பிப் போகக்கூடிய ஒரு சிகிச்சை நிலையம்.

அரசிடம் இருப்பது என்ன? கந்தக்காடும் சேனபுரவும். 2009க்குப் பின் முன்னாள் போராளிகளை அடைத்து வைத்த அதே புனர்வாழ்வுப் பணியகத்தின் கட்டமைப்புக்குள்தான் போதைக்கு அடிமையானவர்களும் அனுப்பப்பட்டார்கள். 2022இல் அரசு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முன்னாள் போராளிகளையும் தீவிரவாதிகளையும் போதைக்கு அடிமையானவர்களையும் ஒரே வரியில் வைத்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தங்களுடன் 2023 ஜனவரியில் நிறைவேறியது. 'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டால் கொழும்பில் ஒருவருக்கு மருத்துவமனை நினைவுக்கு வரலாம். எங்கள் வீடுகளில் முட்கம்பியும் பெயர்ப்பதிவும் நினைவுக்கு வரும். அதனால்தான் பல தாய்மார் பிள்ளையின் பழக்கத்தை மறைக்கிறார்கள். மறைத்த பழக்கம் முற்றிய பின்னரே வெளியே தெரிகிறது.

கேட்க வேண்டியவை

கஞ்சாவைத் திறந்துவிடுங்கள் என்றோ மீரிகமவை மூடுங்கள் என்றோ நான் கோரவில்லை. ஒரே செடிக்கு ஒரே நாட்டில் ஒரே நீதி வேண்டும் என்பதே கோரிக்கை. அதை நான்கு விடயங்களாகப் பிரித்துக் கேட்கலாம்.

முதலாவது, சொந்தப் பாவனைக்கென்று சிறு அளவுடன் பிடிபடுபவரைச் சிறைக்கு அனுப்பாமல் சுகாதாரத் துறையிடம் அனுப்பும் சட்டத் திருத்தம். விளக்கமறியலில் பகுப்பாய்வாளர் அறிக்கைக்காகக் காத்திருக்கும் 19 வயதுப் பையன் வெளியே வரும்போது கஞ்சாவைவிட மோசமானவற்றைக் கற்றுக்கொண்டு வருகிறான்.

இரண்டாவது, வடக்கிலும் கிழக்கிலும் சீருடையில்லாத சிகிச்சை நிலையங்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளோடு இணைந்தவை, தமிழில் பேசுபவை, பெயர் பொலிஸுக்குப் போகாது என்று உறுதி தருபவை. எங்கள் மாகாண சபைகளுக்குத் தேர்தலே நடக்காமல் வருடங்கள் போய்விட்டன. சபை இருந்தால் சுகாதாரம் அதன் கையில் இருக்கும். இந்தக் கேள்வியை அங்கே கேட்கலாம்.

மூன்றாவது, சட்டபூர்வச் செய்கை நாட்டுக்கு வருவதென்றால் உள்ளூர் விவசாயக் கூட்டுறவுகளுக்கும் சித்த ஆயுர்வேத மருந்துத் தேவைக்கும் அதில் பங்கு. மக்களின் காணி திரும்பாத இடங்களில் எந்த முதலீட்டுத் திட்டமும் வரக்கூடாது என்ற எழுத்துமூல உறுதி.

நான்காவது, ஒவ்வொரு பெரிய கைப்பற்றலுக்கும் பின்னால் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. எத்தனை கிலோ பிடிபட்டது என்ற அறிக்கையோடு, எத்தனை வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, எத்தனை அதிகாரிகள் விசாரிக்கப்பட்டார்கள் என்ற அறிக்கையும் வரவேண்டும்.

இந்த நான்கில் கடைசிக்கு அரசு புதுச்சட்டம் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. இருக்கிற அதிகாரம் போதும். அடுத்த முறை 'கேரள கஞ்சாவுடன் இளைஞர் கைது' என்ற செய்தி வரும்போது, ஊடகங்களாகிய நாங்களும் வாசகர்களாகிய நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்: பொதிக்குப் பணம் போட்டவர் யார்?